வீட்டுக் கணினியில் பழுதான ரேமைக் கண்டுபிடித்து மாற்றுவதும் பொருந்தும் புதிய ரேமைத் தேர்ந்தெடுப்பதும்: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டி, “தம்பி, கம்ப்யூட்டர் திரும்பவும் நீலமாயிருச்சு. இந்த வருசம் மட்டும் மூணு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு” என்றார். ஒவ்வொரு முறையும் ஒரு கடையில் 80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து விண்டோஸை மறுபடியும் ஏற்றி வந்திருக்கிறார். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, விண்டோஸ் செயலிழக்கும்போது காட்டும் நீலத்திரை திரும்பி வந்திருக்கிறது. ஐந்தாம் படிவம் படிக்கும் அவருடைய மகனின் பள்ளி வேலைகள் பாதியில் நின்றன. கணினியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எனக்கு ஐயம் எழக் காரணமாக இருந்தது ஒரு புகைப்படம்தான். பத்துமலையில் தைப்பூசத்தன்று எடுத்த அந்தப் படத்தின் மேல்பாதி தெளிவாக இருந்தது. நடுவில் ஒரு கோட்டிலிருந்து கீழ்நோக்கி எல்லாம் இளஞ்சிவப்பாக மாறி, காவடிகளும் படிக்கட்டும் பக்கவாட்டில் நகர்ந்து கிடந்தன.

ஜேபெக் படக் கோப்பில் ஒவ்வொரு சிறு கட்டத்தின் நிறமும் அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்றே குறிக்கப்படுவதால், ஒரே ஒரு பிட் தவறிப் பதிந்தாலும் அந்த இடத்திற்குப் பிறகு வரும் பகுதி முழுவதும் நிறம் பிறழக்கூடும். படம் கைப்பேசியில் நன்றாக இருந்து, கணினிக்கு நகலெடுத்த பிறகு இப்படி ஆகியிருந்தால், நகலெடுக்கும்போது அது கடந்து வந்த ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, சந்தேகிப்பது நியாயம். மூன்று முறை ஃபார்மட் செய்தும் தீராத கோளாறுக்கு மென்பொருள் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த 240 வெள்ளியில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய சோதனைக்கு ஒரு பென் டிரைவும் ஓர் இரவும் போதும். எந்த ரேம் கெட்டிருக்கிறது, உண்மையில் ரேம்தான் கெட்டிருக்கிறதா என்று உறுதி செய்யாமல் எதையும் வாங்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டி முழுவதும் நான் வலியுறுத்துவது. ஆகவே சோதனையை விரிவாகவும், வாங்குவதை அதற்குப் பிறகும் எழுதியிருக்கிறேன்.

ரேமைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள்

நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்தைச் சொல்வது முதல் அறிகுறி. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், மறுநாள் பேஜ் ஃபால்ட் என்று வரும், அதற்கடுத்த நாள் ஏதோ ஒரு டிரைவரின் (வன்பொருளை இயக்க உதவும் சிறு மென்பொருள்) பெயர் வரும். ஒரே டிரைவரின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரையே முதலில் பார்க்க வேண்டும். பெயர் மாறிக்கொண்டே இருந்தால்தான் அடியில் இருக்கும் ரேம் பக்கம் கவனம் போக வேண்டும். பதிவிறக்கிய பெரிய கோப்பு ஒருமுறை விரிக்கையில் கெட்டுவிட்டது என்று சொல்லி, மறுமுறை அதே கோப்பு ஒழுங்காக விரிவது இன்னும் வலுவான அறிகுறி. கணினியை இயக்கியதும் திரை வராமல் விசிறி மட்டும் சுழல்வதும், சில போர்டுகள் (எல்லா உறுப்புகளும் பொருந்தும் மதர்போர்டு) நீண்ட பீப் ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்புவதும், புதிய போர்டுகளில் ரேமைக் குறிக்கும் டிராம் என்ற சொல் அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்தில் சிறு விளக்கு அணையாமல் நிற்பதும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஆனால் விளையாட்டு ஓடும்போது மட்டும் கணினி சட்டென்று அணைந்துபோனால், பவர் சப்ளையையும் பிராசசரின் சூட்டையும் முதலில் பாருங்கள். கோப்புகளைத் திறக்க மட்டும் நெடுநேரம் ஆகி, வட்டு விளக்கு அணையாமல் எரிந்தால், வட்டைப் பாருங்கள். கணினி மெதுவாக இருப்பது மட்டும் ரேம் பழுதின் அடையாளம் ஆகாது. ரேம் போதாமையின் அடையாளமாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

சோதனைக்கு முன்

பழுதான ரேம் இருக்கும் கணினியில் எழுதப்படும் எந்தக் கோப்பும் சத்தமில்லாமல் கெடக்கூடும் என்பதால், சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்தே அதில் புதிய வேலை எதையும் சேமிக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் பழைய காப்பு நகலின் மேல் புதிய நகலை எழுதிவிடாதீர்கள். நல்ல கோப்பின் மேல் கெட்ட கோப்பு ஏறிவிடும். கணினி அரை மணி நேரம்கூட நிற்காமல் விழுந்துகொண்டிருந்தால், வட்டைக் கழற்றி வேறொரு நல்ல கணினியில் இணைத்து நகலெடுப்பதே பாதுகாப்பு. அந்த வசதி இல்லையென்றால், கீழே சொல்லும் முறையில் நல்ல ரேம் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் பொருத்தி நகலெடுங்கள்.

இந்த நிலையில் பயாஸை, அதாவது கணினியை எழுப்பும் போர்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பிக்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரேமில் தவறிய ஒரு பிட் பயாஸ் சிப்பில் அப்படியே எழுதப்பட்டால் போர்டே எழாமல் போகலாம். விண்டோஸை மீண்டும் ஏற்றுவதும் அதே காரணத்தால் வீண். அதில் சில கோப்புகள் முதல் நாளே கெட்டுப் பதியும். அக்காவின் கணினியில் மூன்று முறையும் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

விண்டோஸில் வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். சோதனைக்காக பயாஸில், நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்க விடும் ‘செக்யூர் பூட்’ அமைப்பை அணைக்க நேர்ந்தால், அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்த 48 இலக்கச் சாவியை முன்கூட்டியே எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் பட்டியில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்கும். கணினி மறுதுவக்கமாகி, நீலப் பின்னணியில் சோதனை ஓடும். எஃப்1 பொத்தானை அழுத்தினால் விரிவான சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். இது பிழையைக் கண்டால் அந்த முடிவை நம்பலாம். பிழை எதுவும் இல்லை என்று சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லும் பழுதுகள் பல.

உறுதியான முடிவுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச, திறமூலச் சோதனையைப் பரிந்துரைக்கிறேன். கிட்டத்தட்ட இதே பெயரில், பிளஸ் இல்லாமல், இன்னொரு நிறுவனத்தின் மெம்டெஸ்ட்86 உண்டு. அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகளோடு நின்றுவிடும். அதுவும் நல்ல சோதனையே. எதை எடுத்தாலும் நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்த டிரைவில் உள்ள மற்றவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றையே பயன்படுத்துங்கள். பிறகு பழுதான கணினியில் அதைச் செருகி, துவக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் சோதனை தானே தொடங்கும்.

முதல் சோதனைக்கு முன் பயாஸுக்குள் சென்று, ரேமின் வேகம் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பில் கூட்டி வைக்கப்பட்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். கூட்டிய வேகத்தில் பிழை வந்து, இயல்பான வேகத்தில் வராமல் போனால், ரேமைத் தூக்கி எறியத் தேவையில்லை. அந்த வேகத்தை அந்த பிராசசரோ போர்டோ தாங்கவில்லை என்பதே பொருள். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் நல்ல ரேமை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேசிங்கை மூடியே வைத்து, வழக்கமாகக் கணினி இருக்கும் அறையின் சூட்டிலேயே சோதனையை ஓட விடுங்கள். குளிர்சாதனம் போட்ட அறையில் காலையில் தேறும் ரேம், கோலாலம்பூரின் பிற்பகல் வெக்கையில் தோற்பதுண்டு. 16 ஜிபி ரேமில் ஒரு சுற்று முடியவே ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுதும் விடுங்கள். மாலையில் இடி மின்னல் வரும் போல வானம் கறுத்தால், தொடங்க வேண்டாம்.

அக்காவின் கணினியில் தொடங்கி இருபது நிமிடத்திற்குள் சிவப்பு வரிகள் எழுந்தன. ஒவ்வொரு வரியிலும் முகவரி ஒன்று, எழுதிய மதிப்பு ஒன்று, திரும்பப் படித்த மதிப்பு ஒன்று. எழுதியதும் படித்ததும் எட்டு இலக்கங்களில் ஏழில் ஒத்துப்போயின. ஓர் இலக்கம் மட்டும் வேறு. பதினான்கு வரிகளிலும் மாறியது அதே இடத்து இலக்கம்தான். ரேமின் பலகோடி நினைவகச் சிற்றறைகளுள் ஒன்று தன் மின்னேற்றத்தைத் தக்கவைக்க முடியாமல் கைவிட்டுக்கொண்டிருந்தது. மென்பொருள் எதையும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. எத்தனை பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் கேட்பார்கள். இயல்பான வேகத்தில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கணினியில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

ஒரு ரேம், ஒரு ஸ்லாட்

பிழை வந்துவிட்டது என்பதால் எந்த ரேம் என்பது தெரிந்துவிடாது. கெட்டது ரேமாக இருக்கலாம், ரேம் செருகும் ஸ்லாட்டாக இருக்கலாம், ரேமை ஆளும் சுற்று பிராசசருக்குள்ளேயே இருப்பதால் பிராசசராகவும் இருக்கலாம். பிரித்தறியும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும்.

ரேம்களைக் கழற்றும்போதே ஒன்றில் அ என்றும் மற்றதில் ஆ என்றும் சிறு தாள் ஒட்டுங்கள். அ ரேமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் செருகிச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் ஆ ரேமை மட்டும் செருகிச் சோதியுங்கள். ஒன்று தேறி மற்றொன்று தோற்றால், தோற்றதை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் அதே ரேமோடு பிழையும் கூடவே போனால் அந்த ரேமே கெட்டது. இரண்டு ரேம்களும் ஒரு ஸ்லாட்டில் தேறி, இரண்டுமே மற்ற ஸ்லாட்டில் தோற்றால், ரேம் வாங்குவதை மறந்துவிடுங்கள். பழுது போர்டில் இருக்கிறது, அல்லது பிராசசர் அமரும் சாக்கெட்டில் ஒரு முள் வளைந்திருக்கிறது. தனித்தனியே எங்கு வைத்தாலும் தேறி, இரண்டையும் சேர்த்தால் மட்டும் தோற்றால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ரேம்கள் என்றோ வேகம் அதிகம் என்றோ கொள்ளலாம்.

எங்கள் சோதனையில் அ ரேம் இரவு முழுதும் ஒரு பிழையுமின்றி ஓடியது. ஆ ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் தோற்றது. ஞாயிறு மதியத்திற்குள் விடை கிடைத்துவிட்டது, அதுவரை ஒரு வெள்ளி செலவில்லை.

கழற்றுவதும் துடைப்பதும்

கணினியை அணைத்து, சுவரிலுள்ள ஸ்விட்சையும் அணைத்து, மூன்று முள் பிளக்கை உருவி எடுங்கள். பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். மடிக்கணினியாக இருந்தால் உள்ளிருக்கும் பேட்டரியின் இணைப்பையும் கழற்ற வேண்டும். நைலான் விரிப்பின் மேல் நிற்காதீர்கள். ரேமைத் தொடும் முன்பும் இடையிடையேயும் கேசிங்கின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான் என்றாலும், குளிர்சாதன அறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஸ்லாட்டின் இரு முனையிலும், சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும், சிறு பிடிகள் இருக்கும். அவற்றை வெளிப்புறமாகத் தள்ளினால் ரேம் தானாக மேலெழும். ஓரங்களைப் பிடித்து எடுங்கள். கீழ்விளிம்பின் பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படக்கூடாது.

எடுத்ததும் அந்தத் தொடுமுனைகளை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பாக இருக்க வேண்டியவற்றில் மங்கலான படலமோ கறுத்த புள்ளிகளோ இருந்தால், ஈரப்பதமும் தூசியும் வேலை செய்திருக்கின்றன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்து, ஒரே திசையில் மெதுவாகத் துடைத்து, முழுதும் உலர விடுங்கள். அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. படலம் போகும் என்பது உண்மையே. ஆனாலும் மேலுள்ள பொன்பூச்சு மிக மெல்லியது என்பதால், மென்மையான வெள்ளை அழிப்பானைக் கொண்டு ஓரிரு முறைக்கு மேல் தேய்க்க வேண்டாம், அந்தத் துகள் ஸ்லாட்டுக்குள் விழவும் விடாதீர்கள். ஸ்லாட்டுக்குள்ளும் ஒரு கைவிளக்கை அடித்துப் பாருங்கள். எறும்பும் பல்லி எச்சமும் நான் கண்டவை. அழுத்தக்காற்று டப்பாவை நேராகப் பிடித்து ஊதினால் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

துடைத்து மறுபடியும் இறுக்கமாகச் செருகியதிலேயே பிழை நின்றுவிடுவது அரிதல்ல. ஆகவே துடைத்த பிறகு ஒருமுறை சோதிக்காமல் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எந்த ரேம் பொருந்தும்

இதற்கு விடை கடைக்காரரிடம் இல்லை, உங்கள் மதர்போர்டின் பெயரிலும் பிராசசரின் பெயரிலும் இருக்கிறது. போர்டின் மேல் பெரிய எழுத்தில் அதன் மாதிரிப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளும் இரண்டையும் காட்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால், இப்போதைய வேகமும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் போர்டுக்கென்று சோதித்து ஏற்ற ரேம்களின் பட்டியலும் இருக்கும். பட்டியலில் இல்லாத ரேம் ஓடாது என்று பொருளில்லை. இருப்பது ஓடும் என்ற உறுதி உண்டு, அவ்வளவே.

முதலில் தலைமுறை; அதை டிடிஆர் என்பதற்குப் பின் வரும் எண் சொல்லும். டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டிலும், டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும், டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. மேசைக்கணினி ரேமில் டிடிஆர்3க்கு 240 முனைகள், மற்ற இரண்டுக்கும் 288. முனை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டுக்குறி இருக்கும் இடம் வேறு என்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 அமராது. அமராததை அழுத்தி உடைத்தவர்கள் உண்டு. மடிக்கணினி ரேம் நீளத்தில் குட்டையானது, டிடிஆர்3ல் 204, டிடிஆர்4ல் 260, டிடிஆர்5ல் 262 முனைகள் கொண்டது. ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகள் டிடிஆர்4 மட்டுமே, ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளில்தான் குழப்பம்: ஒரே பிராசசருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பிராசசரின் பெயரை மட்டும் கடையில் சொல்லி வாங்கினால் தவற வாய்ப்பு பாதிக்குப் பாதி.

பழைய டிடிஆர்3 கணினிக்கு வாங்குவோர் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையைக் கவனிக்க வேண்டும். அது 1.5 வோல்ட் போர்டிலும் ஓடும். 1.35 வோல்ட்டை மட்டுமே தரும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ரேம் ஓடாது.

அடுத்து கொள்ளளவின் உச்சம். இன்டெல் எச்61 போர்டில் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. இன்டெல் 4ஆம் தலைமுறைக் கணினிகள் 32 ஜிபி வரை ஏற்கும், ஆனால் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான். ஒரே ரேமில் 16 ஜிபி கொண்ட டிடிஆர்3 அவற்றில் எழாது. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

வேகத்தை முடிவு செய்வது சங்கிலியின் மெலிந்த கண்ணி, அதாவது மிக மெதுவான பகுதி. அக்காவின் கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-8400, எச்310 போர்டு. அங்கே 3200 வேக ரேமைப் போட்டாலும் அது 2666ல்தான் ஓடும். கெடுதல் இல்லை; கூடுதல் காசு கொடுத்தால்தான் நட்டம். விலை ஒன்றாக இருந்தால் 3200ஐயே வாங்கலாம், பின்னொரு நாள் வேறு போர்டுக்குப் பயன்படும்.

இனி ஒட்டுத்தாளைப் படிக்கும் விதம், ஏனென்றால் இணையத்தில் மலிவாக விற்கும் ரேம்களில் ஏமாறுவது இங்கேதான். டிடிஆர்4 ரேம் ஒன்றில் 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-யு என்று ஆங்கில எழுத்துகளில் அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1ஆர் என்றால் ஒரு ரேங்க், அதாவது ஒன்றாக இயங்கும் சிப்புகளின் ஒரு தொகுதி. எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் 8 பிட் தருகிறது. பிராசசருக்கு ஒரே வீச்சில் 64 பிட் வேண்டுமாதலால் எட்டு சிப்புகள் இருக்கும், எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருந்தால் அது பிழைதிருத்தும் ஈசிசி ரேம். பிசி4க்குப் பின் 2666 என்ற வேகம் வருகிறது. சில தாள்களில் வேகத்துக்குப் பதில் அதன் எட்டு மடங்கான 21300 என்ற எண் இருக்கும், இரண்டும் ஒன்றே. கடைசி எழுத்துதான் முக்கியம். யு என்றால் சாதாரண மேசைக்கணினி ரேம். எஸ் என்றால் மடிக்கணினி ரேம். ஆர் என்றால் சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்ட் ரேம். இந்த ஆர் வகைதான் சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டு மலிவாக விற்பனைக்கு வருகிறது. டிடிஆர்4ல் ஸ்லாட்டுக்குள் அழகாக அமர்ந்தும் விடும், வீட்டுக் கணினி மட்டும் எழாது. அக்கா முன்பே ஒருமுறை ஒரு கேபிளின் விலைக்கே 16 ஜிபி கிடைத்ததென்று வாங்கி, பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தது இந்த வகையே. டிடிஆர்3ல் ஏஎம்டிக்கு மட்டும் என்று குறிப்பிட்டு விற்பவற்றையும் இன்டெல் கணினிக்கு வாங்காதீர்கள்.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு என் விடை, முடிந்தவரை ஒரே பெட்டியில் வரும் இணை. 16 ஜிபி ஒன்றைக் காட்டிலும் 8 ஜிபி இரண்டு, ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் தரவு செல்லும் இரட்டை வழியில் இயங்கி, குறிப்பாகத் தனிக் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில், தெளிவாக வேகம் தரும். பழைய 4 ஜிபியோடு புதிய 8 ஜிபியைச் சேர்த்தாலும் இன்டெல் கணினியில் ஓடும்: இரண்டிலும் சமமான 4 ஜிபி பகுதி இரட்டை வழியிலும் மிச்சம் ஒற்றை வழியிலும் இயங்கும், இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். கையைக் கடிக்கும் விலையில் இது நல்ல ஏற்பாடுதான். டிடிஆர்5ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவதைத் தவிருங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வரிசையில் இரண்டு ரேமுக்கு 5200 என்ற அதிகாரபூர்வ வேகம், நான்கு போட்டால் 3600ஆகச் சரிகிறது.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணினியையே கேளுங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்து டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பள்ளி வேலை, உலாவி, காணொளி இவற்றுக்கு இன்று 16 ஜிபி தாராளம், 8 ஜிபி இறுக்கம்.

மேம்படுத்தத் தகுந்த கணினிதானா என்பதையும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதலே முறையாக ஏற்கிறது. அக்காவின் ஐ5-8400 அந்த வரம்புக்குள் வந்ததால் செலவு செய்யலாம் என்றேன். 4ஆம் தலைமுறையாக இருந்திருந்தால் 8 ஜிபியோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன். ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும் மெலிந்த மடிக்கணினிகளில் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. வாங்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டியது அது.

வாங்கும்போது

செந்தூலிலிருந்து ஹாங் துவா வரை எல்ஆர்டி ரயில், அங்கே மோனோரயிலுக்கு மாறினால் அடுத்த நிலையம் இம்பி. அங்கிருந்து, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா நடக்கும் தூரம்தான். பழுதான ரேமையும் போர்டின் பெயரெழுதிய தாளையும் கையில் எடுத்துப் போங்கள். மூன்று நான்கு கடைகளில் ஒரே மாதிரிக்கு விலை கேளுங்கள். 2025ன் பிற்பாதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியதால், பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் அதிர்ச்சியாக இருக்கும். அதனாலேயே உத்தரவாதத்தை முதலில் பாருங்கள் என்கிறேன்: பல தயாரிப்பாளர்கள் ரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருகிறார்கள். கெட்டுப்போன ரேமின் ஒட்டுத்தாளும் வரிசை எண்ணும் இருந்தால், புதிது வாங்கும் முன்பே மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இணையாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள். குரூசியல் என்ற பெயரில் நுகர்வோர் ரேம் விற்ற மைக்ரான், அந்த வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது; விற்றவற்றின் உத்தரவாதம் தொடரும் என்றும் சொன்னது. அந்த ரேம் வைத்திருப்போர் அஞ்ச வேண்டியதில்லை.

எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைக் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அக்காவின் பழைய ரசீது வெப்பத்தாளில் அச்சானது, எழுத்தே மங்கி வெறும் தாளாகியிருந்தது. வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கடை கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

பொருத்துவதும் முதல் துவக்கமும்

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம்களை, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி, பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். போர்டின் கையேடு சொல்வதே இறுதி. வெட்டுக்குறியை ஸ்லாட்டின் மேட்டோடு ஒப்பிட்டு, இரு முனைகளிலும் கட்டைவிரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள். ஒவ்வொரு முனையும் தனித்தனியே டக்கென்று அமரும். ஒரே ஒலி கேட்டால் ஒரு முனை இன்னும் உயர்ந்து நிற்கிறது. மடிக்கணினியில் சாய்வாகச் செருகி, பொன்முனை கிட்டத்தட்ட மறைந்த பிறகே கீழே அழுத்த வேண்டும்.

இயக்கியதும் திரை உடனே வராவிட்டால் பதறி அணைக்காதீர்கள். புதிய ரேமின் நேரக்கணக்கைப் போர்டு தானே பழகிக்கொள்ளும். டிடிஆர்5ல் இதற்குப் பல நிமிடங்கள் ஆவதுண்டு. பதினைந்து நிமிடத்திற்குப் பிறகும் திரை வரவில்லையென்றால் அணைத்து, பிளக்கை உருவி, போர்டிலுள்ள 3 வோல்ட் காசு பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் இயல்புக்குத் திரும்பும். பிறகு ஒரே ரேமோடு எழுப்பிப் பாருங்கள்.

எழுந்ததும் பயாஸில் மொத்த அளவும் வேகமும் சரியா என்று பாருங்கள். விண்டோஸுக்குள் போகாமல் நேராக மெம்டெஸ்ட்டை மறுபடியும் இரவு முழுதும் ஓட்டுங்கள், ஏனென்றால் புதிய ரேமும் கெட்டிருக்கக்கூடும், மாற்றித் தரும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க விரும்பினால் அதை இயக்கிய பின் இன்னோர் இரவு. சோதனை தேறிய பிறகுதான் விண்டோஸை, கடைசியாக ஒரு முறை, புதிதாக ஏற்ற வேண்டும். பழைய ரேமின் காலத்தில் பதிந்த கோப்புகளுள் எது கெட்டது என்று சொல்ல வழியில்லை. கைப்பேசியிலோ பென் டிரைவிலோ மூலம் இருக்கும் படங்களை அங்கிருந்தே மீண்டும் நகலெடுங்கள்.

உத்தரவாதம் இல்லாத பழைய ரேமை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டுவைக்காதீர்கள்; ஒரு வருடம் கழித்து யாராவது அதை நல்லதென்று எடுத்துப் பொருத்துவார்கள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அக்காவின் ஆ ரேமை அப்படித்தான் அனுப்பினோம். அலமாரியில் கிடந்த அந்த சர்வர் ரேம் கெட்டதல்ல என்பதால், அதன் வகையைத் தாளில் எழுதி ஒட்டி, பழைய சர்வர் உதிரி வாங்கும் ஒருவருக்கு விற்றுக் கொடுத்தேன்.